ஜன்னலோரம் வந்த பெட்ரோல் வாடை

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, வருடம் சரியாக நினைவில்லை. கார்த்திகை மாதம் என்பது மட்டும் மறக்காது. அப்போது நாங்கள் முடிச்சூரில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் குடியிருந்தோம். என் கணவருக்கு நாவலூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை. நான் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய, நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படும் எனக்கு அந்த வேலை வசதியாகத்தான் இருந்தது. "எவ்வளவு சார்?", "ஜீரோ பாத்துக்கோங்க." ஒரு நாள் பூராவும் இந்த இரண்டு பேச்சு போதும்.

வீட்டு ஓனர் குடும்பம் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பயிர் வைத்த நிலத்தை மனை போட்டு விற்று, மீதியில் வீடு கட்டிக்கொண்டவர்கள். ஓனரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அவர்களின் ஒரே மகளைப் பாப்பா என்போம். அந்த வருடம் பாப்பா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாவது மாதம். மாடி ஏற முடியாது என்று தரைத்தளத்தில் முன்னறையைக் கொடுத்திருந்தார்கள். அந்த அறையின் ஜன்னல், பக்கத்திலிருந்த கார் ஷெட்டுக்குள் திறக்கும். ஷெட்டுக்குப் போக இரண்டு படி வைத்து ஒரு கதவும் உண்டு.

ஷெட்டில் அண்ணா புதிதாக வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார் நின்றது. பின்கண்ணாடியில் 'எம்.பி.எஃப்.ஐ.' என்று பெரிதாக ஒட்டியிருக்கும். அதற்கு முன்னால் பல வருடம் ஒரு பழைய கார் வைத்திருந்தவர். இது ஊசி மாதிரி பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கிற இன்ஜின் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லுவார். பாப்பாவுக்கு எந்நேரம் வலி வந்தாலும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகக் காரை வேறு எதற்கும் எடுக்க மாட்டார். நாலைந்து நாளைக்கு ஒருமுறை என் பங்குக்கு மட்டும் ஓட்டி வருவார்.

"டேங்க்கு கழுத்து வரிக்கும் ரொப்பும்மா."

டேங்க் நிறைந்ததும் கையில் இருக்கும் பைப் 'டக்'கென்று தானாக நின்றுவிடும். அதோடு விட வேண்டும். ஆனால் அண்ணா விட மாட்டார்.

"டக்குனு நின்னா ரொம்பிச்சின்னு அர்த்தமா? உள்ள காத்து மாட்டிகினு கீது. இரு." காரின் பின்பக்கத்தில் இடுப்பைக் கொடுத்து ஆட்டுவார். காற்று வெளியேறி இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்குமாம். "இப்ப வுடு. இன்னும். இன்னும்."

நானும் விடுவேன். இரண்டாவது டக், மூன்றாவது டக். பெட்ரோல் கழுத்தில் வந்து மினுமினுப்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் மூடி போடச் சொல்வார். குடியிருக்கிற வீட்டுக்காரர், மகளின் நல்லதுக்குச் செய்கிறார். மறுத்துப் பேச எனக்கு நாக்கு எழாது.

ஐப்பசி கடைசியில்தான் அந்த வாடை ஆரம்பித்தது.

ஒரு நாள் டூட்டி முடிந்து வந்தபோது பாப்பா முன்வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "அம்மா, பெட்ரோல் வாடை. கொமட்டுது" என்றாள். அக்கா என்னைப் பார்த்தார். அடுத்த நாள் பின்கட்டுக்கே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"தப்பா நெனச்சிக்காத. புள்ளத்தாச்சிக்கு எல்லா வாசனையும் தூக்கலா அடிக்கும். நீ கொஞ்ச நாளிக்கி பின்னாடி சந்து வழியா போய் வந்துகினு இரேன்."

எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பங்கில் வேலை செய்கிறவள் மேல் பெட்ரோல் வாடை அடிக்காமல் மல்லிகைப்பூ வாசனையா அடிக்கும்? அன்றிலிருந்து சந்து வழிதான். வந்தவுடன் குளியல். யூனிபார்மை மொட்டைமாடியில் கடைசி மூலையில் காயப்போடுவேன். வாசனைச் சோப்பு, எலுமிச்சம்பழத் தோல் எல்லாம் போட்டுத் தேய்த்தும் ராத்திரி கையை முகர்ந்தால் லேசாக இருக்கிற மாதிரியே தோன்றும். முன்னறையில் வாடை மட்டும் நிற்கவில்லை. அக்கா மறுபடி ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் நான் சந்தில் நடக்கும்போது ஜன்னல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும்.

வாடையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மத்தியானம் படுத்திருந்தால் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள் என்றாள் பாப்பா.

"போய்ப் பாத்தா ஒருத்தரும் இல்ல. படுத்தா திரும்ப விடறாங்க. நீளமா. ரொம்ப அழுத பிறகு விடுவாங்களே, அந்த மாதிரி."

அண்ணா சிரித்தார். "பூனையா இருக்கும்." அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் கம்பியில் வேப்பிலைக் கொத்து செருகினார். தலைமாட்டில் பழைய அரிவாள் ஒன்றை வைத்தார். விளக்கு வைத்த பிறகு பாப்பாவின் பெயரைச் சொல்லி யாரும் சத்தமாகக் கூப்பிடக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

எனக்கும் இதிலெல்லாம் பாதி நம்பிக்கை, பாதி இல்லை. ஆனால் என் வார லீவு நாளில், மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு மத்தியானம், சந்தில் இருந்த குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். ஷெட்டின் பின்சுவர் எனக்கு எதிரே. உள்ளே காரைத் தவிர எதுவும் கிடையாது.

உஸ்ஸ்ஸ்...

நன்றாகக் கேட்டது. மெதுவாக ஆரம்பித்து, நீண்டு, அடங்கியது. மேலே தகரக் கூரை வெயிலில் 'டொக்' என்று ஒருமுறை விட்டது. மறுபடியும் அந்த மூச்சு. குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டேன். அன்று பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்ததும், வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அதே இடத்தில் போய் நின்றேன். இப்போது சத்தம் வேறு மாதிரி இருந்தது. பற்களின் இடுக்கு வழியாகக் காற்றை உள்ளே இழுப்பது போல. மத்தியானம் விட்ட மூச்சைச் சாயங்காலம் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று தோன்றியது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் முன்வாசலுக்குப் போக வேண்டும், பாப்பா மூக்கைப் பொத்துவதைப் பார்க்க வேண்டும்.

கார்த்திகை தீபம் வந்தது. அன்று காலையில்தான் அண்ணா கடைசியாகக் காரைக் கொண்டு வந்தார். டாக்டர் இன்னும் இரண்டு மூன்று நாள் என்று சொல்லியிருந்தாராம். வழக்கத்தைவிடக் கூட ஆட்டி, வழக்கத்தைவிடக் கூட ஊற்றினோம். மூடி திருகும்போது விளிம்பில் ஒரு சொட்டு வழிந்தது. துணியால் துடைத்தேன். மதியத்துக்கு மேல் தூறல் போட்டதால், சாரல் அடிக்கக்கூடாது என்று அண்ணா ஷெட்டின் முன்பக்கத்தில் தார்ப்பாயைத் தரைவரை இறக்கிக் கட்டிவிட்டார்.

சாயங்காலம் அக்காவே என்னைக் கூப்பிட்டார். "எனக்கு இடுப்பு புடிச்சிகிச்சி, பாப்பா குனியக்கூடாது. நீ வந்து வெளக்கு வைக்கறியா?"

வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறார்களே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளித்தேன். பெட்டியின் அடியில் இருந்த, பங்கின் காற்றே படாத பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினேன். அதில் பாச்சை உருண்டை வாசனை தூக்கியது. அது எனக்கு வசதி என்று நினைத்துக்கொண்டேன். மதில் மேல், கேட்டருகில், வாசற்படியில் என்று அகல் விளக்குகளை வரிசையாக வைத்தேன். தெரு முழுக்க ஒவ்வொரு வீடாக மினுங்க ஆரம்பித்தது. அந்த நேரத்துக்கு எல்லா முகமும் அழகாகத் தெரியும்.

அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தார். "ஷெட்டு படில ஒண்ணு வெச்சிடு. வண்டிக்கும் ஒண்ணு, டயராண்ட வெச்சிடு. பாப்பாவ இட்டுகினு போற வண்டி."

எங்கள் பக்கமெல்லாம் அப்படித்தான். மாடு இருந்த காலத்தில் தொழுவத்தில் வைத்தார்கள். இப்போது வண்டிக்கு வைக்கிறார்கள். எரிகிற இரண்டு அகல்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு, தார்ப்பாயின் ஓரத்தை விலக்கி உள்ளே போனேன். உள்ளே பெட்ரோல் வாடை அடித்தது. எனக்கு வெட்கம்தான் வந்தது. இவ்வளவு குளித்தும் போகவில்லையே!

காரின் முன்மூக்கு ஜன்னலருகே நின்றது. அதை ஒட்டி நடந்து போய், கதவுப் படியின் கீழ்த்தட்டில் ஒரு விளக்கை வைத்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். நான் சட்டென்று தள்ளி நின்றேன், அவளுக்குக் குமட்டக்கூடாது என்று.

"தள்ளிப் போகாதீங்க அக்கா" என்றாள். குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் நீங்க வண்டலூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போய் ரெண்டு நாள் இல்லல்ல? அந்த ரெண்டு நாளும் இதே வாடை அடிச்சுது. அம்மா பயந்துடுவாங்கன்னு சொல்லல. அது நீங்க இல்லக்கா. வேற யாரோ."

வேற யாரோ. என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், காலியாக இருந்த கையை மூக்கருகே கொண்டுபோனேன். நல்லெண்ணெய். கொஞ்சம் மஞ்சள். அவ்வளவுதான். முந்தானையை முகர்ந்தேன். பாச்சை உருண்டை. என் மேல் பெட்ரோல் வாடையே இல்லை. ஆனால் வாடை அடித்தது. முழங்காலுக்குக் கீழே இருந்து, குளிர்ச்சியாக, மேலே ஏறி வந்தது.

படியில் வைத்த விளக்கைப் பார்த்தேன்.

என் கையிலிருந்த விளக்கும் அதுவும் ஒரே எண்ணெய், ஒரே திரி. கையில் இருந்தது விரல் நுனியளவு அமைதியாக எரிந்தது. படியில் இருந்ததோ இரண்டு மடங்கு உயரமாக நின்றது. அதன் தலைமேல், பார்த்தும் பாராததுமாக, நீல நிறத்தில் ஏதோ ஒன்று தொப்பி போல உட்கார்ந்திருந்தது. காற்று இல்லை. ஆனாலும் அந்த நீலம் மெல்லப் பெரிதாகி, சிறிதாகி, மறுபடி பெரிதானது. அப்போது காரின் மூக்குக்குள் இருந்து அந்தச் சத்தம் வந்தது. இஸ்ஸ்ஸ் என்று மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்.

பாப்பாவுக்கும் கேட்டது. கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்தன.

பங்கில் சேர்ந்த புதிதில் ஆயில் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார். பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது என்றார். ஆவி கண்ணுக்குத் தெரியாது, காற்றைவிடக் கனம், தண்ணீர் போலத் தரையோடு ஓடும், நெருப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய் அதைக் கையோடு கூட்டிக்கொண்டு திரும்பி வரும் என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டது. அதெல்லாம் என் தலையில் தங்கியிருந்தது என்பதே அந்த நிமிடம்தான் தெரிந்தது. இன்னொரு விளக்கோடு நான் குனிய வேண்டிய இடம் முன் டயர், வாடை கிளம்பும் அதே இடம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கார்த்திகை விளக்கை யாரும் அணைப்பதில்லை. அணைப்பது என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டோம். தானாக எரிந்து முடிந்தால்கூட மலையேறிவிட்டது என்போம். அதிலும் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில், இன்னொருத்தியின் வீட்டில், வாடகைக்கு இருக்கிறவள் விளக்கை அணைப்பதென்றால்?

கையிலிருந்ததை விரலால் நசுக்கினேன். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, படியில் இருந்ததையும் நசுக்கினேன். இரண்டு விரலும் பொசுங்கியது அப்போது தெரியவில்லை. அந்த நீலம் மட்டும் திரி அணைந்த பிறகும் ஒரு கணம் நின்றது போல இருந்தது. அது என் கண்ணின் பிரமையாகவும் இருக்கலாம்.

"லைட்டு ஸ்விட்ச தொடாத பாப்பா" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை. படியேறி உள்ளே போய், அதுவரை தொட்டே அறியாத அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். போகிற வழியில் வாசற்படி விளக்கு, கேட் விளக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கையால் அணைத்தேன்.

அக்கா ஓடி வந்தார். "அடிப்பாவி, இன்னாடி பண்ற! புள்ளத்தாச்சி கீற வூட்ல வெளக்க அணைக்கறியே! ஒனக்கு இன்னா கெடுதல் பண்ணோம் நாங்க? இந்த வூடு வெளங்கக்கூடாதுன்னு நெனச்சிட்டியா?"

"பெட்ரோல், பெட்ரோல்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். பூஜையறையில் எரிந்ததை அணைக்கப் போனபோது அக்கா என் கையைத் தட்டிவிட்டார். அதற்குள் தெருமுனையில் இருந்து அண்ணா ஓடிவந்தார். தார்ப்பாயை விலக்கித் தலையை உள்ளே நீட்டியவர், அப்படியே பின்வாங்கினார். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"ஏய், எல்லாரும் வெளிய வாங்க. அந்த வெளக்கயும் அணைச்சிட்டு வா" என்று அக்காவிடம் கத்தினார்.

தார்ப்பாயை அவிழ்த்தார்கள். தெருக்காரர்கள் நாலு பேர், சாவியைத் திருகாமல், காரைத் தள்ளியே தெருவுக்குக் கொண்டு வந்து, ஆளில்லாத மனையில் நிறுத்தினார்கள். ஷெட்டுத் தரையில், காரின் மூக்கு இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்தது.

தெரு முழுக்க விளக்கு. எங்கள் வீடு மட்டும் இருட்டு. துக்க வீடு போல. பாப்பா எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. காற்று நன்றாக அடித்து வாடை போகும்வரை ஒரு மணிநேரத்துக்கு மேல் அப்படியே நின்றோம். பிறகு மொட்டைமாடியில் ஒரே ஒரு விளக்கை மட்டும் அக்கா ஏற்றினார்.

மறுநாள் காலை, பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்தார். முன்மூடியைத் திறந்து, ஓரத்தில் மாட்டியிருந்த கறுப்பு டப்பா ஒன்றைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். அதிலிருந்து பெட்ரோல் சொட்டியது.

"இது இன்னா தெரியுமா? உள்ள பூரா கரி. டேங்க்ல வர்ற ஆவிய இந்தக் கரி உறிஞ்சி வெச்சிக்கும். வண்டி ஓடறப்ப இன்ஜினு அத இஸ்து எரிச்சிடும். இதுக்கு ஆவிதான் வரணும். நீ கழுத்து வரிக்கும் ரொப்புனா பெட்ரோலே வந்து பூந்துக்கும். வண்டியும் ஓட்டறதில்ல, இன்ஜினு எப்பிடி இஸுக்கும்? வெயில்ல டேங்கு சூடானா மூச்சு வுடும், குளுந்தா இஸுக்கும். இது வாந்தி எடுத்துகினே இருந்திருக்கு." தலையை ஆட்டினார். "பழைய வண்டில இந்த டப்பாவே கெடையாது, அந்த நெனப்புல கீற போல. கரிக்கு சாராயம் ஊத்தி வுட்ருக்கீங்க. ஆமா, யாரு பெட்ரோல் போட்டது? டக்குனு நின்னா நிறுத்தத் தெரியாதா?"

அக்கா, அண்ணா, பாப்பா, வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேர். எல்லோரும் இருந்தார்கள். நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணாவும் வாய் திறக்கவில்லை.

"நான்தான்" என்றேன். "டக்குன்னு நின்ன பிறகும் ஊத்தினேன். தப்புன்னு தெரியும். தெரிஞ்சேதான் ஊத்தினேன்."

அண்ணா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் ஆட்டிக்குடுத்து, ஊத்தச் சொல்லித்தான் அது ஊத்திச்சி."

மெக்கானிக் டப்பாவைக் கீழே வைத்தார். "நல்ல ஜோடி. ஒருத்தர் ஊத்தறது, ஒருத்தர் ஆட்டறது. புள்ள பொறந்தா அதுக்கும் இப்பிடித்தான் பால் ஊட்டுவீங்களா?"

முதலில் சிரித்தது பாப்பாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. என்னருகே வந்து, பொசுங்கிப்போயிருந்த என் இரண்டு விரலையும் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்து தடவிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் பாப்பாவுக்கு வலி வந்தது. கார் அப்போது மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது. ஒரு மாதமாக அதற்காகவே காத்திருந்த கார்! கடைசியில் பாப்பா போனது ஆட்டோவில்தான். பெண் குழந்தை. தாயும் சேயும் நன்றாக இருந்தார்கள். அதன் பிறகு நான் சந்து வழியாகப் போக முயன்றால் அக்கா, "இன்னாத்துக்கு அந்தப் பக்கம்?" என்று முன்வாசலில் இருந்தே அதட்டுவார்.

இன்றும் நான் பங்கில்தான் இருக்கிறேன். 'டக்' என்றதும் பைப்பை எடுத்துவிடுவேன். "இன்னும் கொஞ்சம் போகும்மா" என்று எத்தனை பேர் கோபித்துக்கொண்டாலும் சிரித்தபடி மாட்டிவிடுவேன். வெயில் நாளில் சில கார்களின் டேங்க் மூடியைத் திறந்தால், உள்ளே அடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெருமூச்சு என் முகத்தருகே வெளியேறும். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த நீல நிறம் ஞாபகம் வரும். ஆனால் அதைவிடப் பயமாக இருப்பது வேறு: பக்கத்தில் ஒரு வீடே தீப்பிடிக்கக் காத்திருந்த ஒரு மாதம், அந்த வாடை என்னுடையதுதான் என்று நம்பி, தலையைக் குனிந்துகொண்டு சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தேனே, அந்த நினைப்புதான்.